விரால் குஞ்சுகள் கற்றுத்தந்த பாடம்



காய்ச்சலிலிருந்து எழுந்த என் தாயார் விரால் குழம்பு வேண்டுமென்று ஆசைப்பட்டார்கள். "என் கையாலேயே பிடித்து வருகிறேன் அம்மா" என்று வாக்களித்தேன். அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் ஃபஜ்ரு தொழுகை முடித்து, மனைவி மக்களுடனும் மச்சானுடனும் ஆவடியிலிருந்து மின்ரயிலில் திருவள்ளூர் சென்று, அங்கிருந்து பேருந்தில் பூண்டியை அடைந்தோம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம் அது. அணைக்குக் கீழே, ஆற்றங்கரை நிழலில் அமர்ந்து தூண்டில் போட்டோம்.

விராலுக்கு உயிருள்ள தவளையை முள்ளில் கோத்துப் போடுவது பலரின் வழக்கம். தவளையைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூதில் பதிவாகியிருப்பதால், நாங்கள் மண்புழுவையே பயன்படுத்தினோம். நண்பகல் வரை இரண்டு ஜிலேபிக் கெண்டைகளே கிடைத்தன.

பிறகு கோரைப்புல் ஓரத்தில் தூண்டில் வெடுக்கென இழுபட்டது. ஒரு முழ நீள விரால்! "அல்ஹம்துலில்லாஹ்" என்று இழுத்துக் கரையேற்றினேன். அப்போது பத்து வயது மகன் தண்ணீரைக் காட்டினான். செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரே திரளாக மேலே வந்து மூச்செடுத்துச் சுழன்றுகொண்டிருந்தன. விரால் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும் மீன். அருகில் எது வந்தாலும் பாய்ந்து கவ்வும். காவல் போனால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும்.

"அத்தா, போன வாரம் மதரஸாவில் பறவைக் குஞ்சு ஹதீஸ் நடத்தினீர்களே?" என்றான் மகன்.

பயணம் ஒன்றில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தியைப் பல ஆண்டுகளாகக் கண்கலங்க நடத்தி வருபவன் நான்.

"மீன் ஹலால்தானே, ஹஜ்ரத்தே தயங்கினால் எப்படி?" என்றார் மச்சான். அவர் சொன்னது சரி. நீர்வேட்டை ஆகுமானது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் கூறுகிறது. தாய்க்குக் கொடுத்த வாக்கும் என் கழுத்தைப் பிடித்தது. ஆனால் ஆகுமான எல்லாவற்றையும் செய்தே தீரவேண்டும் என்று மார்க்கம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லையே! பாடம் நடத்தும்போது கலங்கிய கண், மீன் கையில் இருக்கும்போது வறண்டுபோனால் அந்தக் கண்ணீருக்கு என்ன பொருள்?

முள் உதட்டில்தான் மாட்டியிருந்தது. மெல்லக் கழற்றி நீரில் விட்டேன். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரவு அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர்கள், "குஞ்சுகளோடு போய்ச் சேர்ந்துகொண்டதா?" என்று மட்டும் கேட்டார்கள்.

"தெரியவில்லை அம்மா, தண்ணீர் கலங்கிவிட்டது" என்றேன்.

மறுநாள் சந்தையில் வளர்ப்பு விரால் வாங்கி வந்தேன். குழம்பு நன்றாக இருந்தது என்றார்கள் அம்மா.

நாம் பிறருக்குச் சொல்லும் இரக்கத்தை நம் கைகளிலும் வெளிப்படுத்த அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.