துடுப்பு பிடித்துப் பார்த்த மலாக்கா

மலாக்காவுக்குக் குடும்பத்தோடு போவதென்றால் நம்மில் பலருக்குப் பயணத் திட்டம் மனப்பாடம். சிவப்புக் கட்டடங்களுக்கு முன்னால் ஒரு படம், ஏ ஃபமோசா கோட்டை வாசலில் ஒரு படம், ஜோங்கர் தெருவில் செண்டோல், இருட்டியதும் விளக்கு வெளிச்சத்தில் ஆற்றுப் படகு. அந்தப் படகு முக்கால் மணி நேரத்தில் ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு, ஏறிய இடத்திலேயே நம்மை இறக்கி விடும்.

அதே ஆற்றில் நாமே துடுப்பு போட்டுக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? புதியவர்களை வழிகாட்டிகளோடு சிறு படகில் அழைத்துச் செல்லும் ஒரு குழுவைப் பற்றி அலுவலகத் தோழி சொன்னார். நீச்சல் தெரியாதவர்களும் வரலாம் என்றார். எனக்கு நீச்சல் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரியாது. பதினொரு வயது மகளுக்கு மட்டும் பள்ளி விடுமுறையில் பத்து வகுப்புகள் போன அனுபவம் உண்டு.

ஒரு சனிக்கிழமை காலை மூவரும் கிளம்பினோம். அம்மா ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் மரம் வெட்டி எங்களைப் படிக்க வைத்தவர். "நீங்க போங்க, நான் கரையில நடந்து வர்றேன். பிள்ளை என் கண்ணு முன்னால இருக்கணும்" என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார். மலாக்கா ஆற்றின் இரு கரையிலும் நடைபாதை இருப்பதால் அது சாத்தியமாயிற்று.

கரையில் அரை மணி நேரம்

கம்போங் மோர்ட்டனுக்குச் சற்று மேலே உள்ள சிறு படகுத்துறையில் காலை ஏழரைக்கு எட்டுப் பேர் கூடினோம். சுற்றுலாப் படகுகளின் நெரிசல் தொடங்குமுன் ஆற்றில் இருந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த நேரம். வழிகாட்டிகள் இருவர்: ஒரு மலாய் இளைஞர், ஒரு தமிழ்ப் பெண். படகு இருவர் அமரும் காயாக். கேனோ என்றும் காயாக் என்றும் மாற்றி மாற்றிச் சொல்கிறோமே, வித்தியாசம் துடுப்பில்தான். கேனோத் துடுப்புக்கு ஒரு முனையில் மட்டும் தட்டு. காயாக் துடுப்புக்கு இரு முனையிலும் தட்டு. புதியவர்களுக்கு இரண்டாவதுதான் சுலபம். இடம், வலம் என்று மாறி மாறி இழுத்தாலே படகு ஓரளவு நேராகப் போகும்.

முதல் பாடம் லைஃப் ஜாக்கெட். எல்லாக் கொக்கிகளையும் மாட்டிய பிறகு, தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார்கள். ஜாக்கெட் முகவாய்க்கு மேலே ஏறினால் அது தளர்வாக இருக்கிறது என்று பொருள். மகளுக்கு முதலில் கொடுத்தது காது வரை ஏறியது. உடனே சிறிய அளவு மாற்றிக் கொடுத்தார்கள். அம்மா பக்கத்தில் வந்து தானும் ஒரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

அடுத்தது துடுப்பு. தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கைகளை வைத்துப் பிடிக்க வேண்டும். கால் விரல் பக்கம் தண்ணீரில் இறக்கி, இடுப்புக்கு நேரே வந்ததும் எடுத்துவிட வேண்டும். கையால் மட்டும் இழுத்தால் பத்து நிமிடத்தில் தோள் வலிக்கும். உடம்பை லேசாகத் திருப்பி இழுத்தால் ஒரு மணி நேரம் தாங்கும். முன்னால் இருப்பவர் தாளம் போடுவார், பின்னால் இருப்பவர் அந்தத் தாளத்துக்குப் போட்டுக்கொண்டே படகைத் திருப்புவார். மகள் முன்னால், நான் பின்னால்.

கடைசியாக, கவிழ்ந்தால் என்ன செய்வது? "அக்கா, படகை மட்டும் விட்டுடாதீங்க. அது மிதக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா நாங்க வந்துடுவோம். எழுந்து நிக்கப் பார்க்காதீங்க, அடியில சேறு" என்றார் அந்தத் தமிழ்ப் பெண். எதிரே பெரிய படகு அலை எழுப்பிக்கொண்டு வந்தால், காயாக்கின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பிவிட வேண்டும். பக்கவாட்டில் வாங்கினால்தான் ஆபத்து.

நீர்மட்டத்திலிருந்து ஒரு நகரம்

இந்த ஆறு நகரத்துக்கு வருமுன் நம்மவர்கள் வாழ்ந்த ஊர்ப் பக்கங்களைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. பத்தாங் மலாக்கா ஆறும் தம்பின் ஆறும் சேர்ந்து, ஆலோர் காஜா மாவட்டத்தின் ரப்பர், செம்பனை நிலங்களைக் கடந்து, மலாக்கா நீரிணையில் கலக்கிறது. நகரத்துக்குள் நுழைந்ததும் இரு பக்கமும் சுவர் கட்டிய கால்வாய் போல ஆகிவிடுகிறது. கழிமுகத்துக்கு அருகே தடுப்புக் கதவு இருப்பதால் நகரப் பகுதியில் நீர்மட்டம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. புதியவர்களுக்கு அது வசதி. நாங்கள் போன அன்று இழுப்பே தெரியவில்லை. குளத்தில் போவது போலத்தான் இருந்தது.

காயாக்கில் உட்கார்ந்தால் நம் கண் தண்ணீரிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள்தான் இருக்கும். அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது ஊர் மாறிவிடுகிறது. கம்போங் மோர்ட்டனின் மலாய் வீடுகளும் பூந்தொட்டிகளும் நம் தலைக்கு மேலே வருகின்றன. பிரிட்டிஷ் காலத்து நில வருவாய் அதிகாரி ஒருவரின் பெயர் தாங்கிய இந்தக் கிராமத்தை ஆறு வளைந்து அணைத்துக்கொண்டு போகிறது. கரைச் சுவரின் கீழே ஒரு பெரிய உடும்பு எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் தண்ணீரில் இறங்கி நீந்திப் போனது. மகள் துடுப்பு போடுவதையே மறந்துவிட்டாள்.

அடுத்து ஜாலான் முன்ஷி அப்துல்லா பாலம். காரில் போகும்போது அந்தப் பெயரை எத்தனையோ முறை படித்திருப்போம். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லா 1796-இல் இந்த ஊரில் பிறந்தவர். தமிழ், அரபு வழி வந்த குடும்பம். அவர் காலத்து மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் படிப்பது வழக்கமாக இருந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவரும் தமிழ் படித்தார். அந்தப் பாலத்தின் கீழே நிழலில் படகை நிறுத்தி மகளுக்கு இதைச் சொன்னேன். "அப்போ எல்லாருக்கும் தமிழ் வகுப்பு இருந்துச்சா?" என்று கேட்டாள்.

பாலத்தைத் தாண்டினால் கடைவீடுகளின் முதுகுப்புறம் தொடங்குகிறது. இப்போது அவற்றில் வண்ண ஓவியங்கள், காப்பிக் கடைகள். ஒரு காலத்தில் இந்த முதுகுப்புறம்தான் வாசல். பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் வர முடியாமல் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைச் சிறு படகுகளில் ஏற்றி ஆற்று வழியே கொண்டு வருவார்கள். 1512-க்கும் 1515-க்கும் இடையில் இங்கே இருந்த போர்ச்சுகீசியர் தோமே பிரேஸ், மலாக்காவில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதி வைத்தார். சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்த வணிகர்கள் அந்தக் கூட்டத்தில் முக்கியமானவர்கள்.

வலக்கரையில், ஆற்றிலிருந்து சில நிமிட நடையில், ஜாலான் துக்காங் எமாஸில் பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இருக்கிறது. டச்சு ஆட்சியில் மலாக்கா செட்டி சமூகத் தலைவருக்கு வழங்கப்பட்ட நிலத்தில் 1781-இல் எழுந்த கோயில். நாட்டின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. மாசி மகத்தன்று இங்கிருந்துதான் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு ரதம் புறப்படும். மலாய் பேசி, மலாய் உடை உடுத்தி, சிவனையும் மாரியம்மனையும் கும்பிடும் செட்டி மக்களின் கம்போங் இன்றும் காஜா பேராங்கில் இருக்கிறது. தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொண்டுவந்த காலத்துக்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே தமிழர்கள் இந்த ஆற்றுக்கு வந்துவிட்டார்கள்.

இடக்கரையில் செயின்ட் ஃபிரான்சிஸ் சேவியர் தேவாலயத்தின் கோபுரங்கள் தெரிய, சிவப்புச் சதுக்கத்தை ஒட்டிய தான் கிம் செங் பாலத்தோடு எங்கள் பயணம் திரும்பியது. 1511 ஆகஸ்டில் அல்புகெர்க்கின் படை மலாக்காவைப் பிடிக்க வந்தபோது சண்டையின் மையம் இந்த இடத்துப் பாலம்தான். நீர் ஏறும் வேளைக்காகக் காத்திருந்து, உயரமான ஒரு மரக்கலத்தை ஆற்றுக்குள் ஏற்றித்தான் பாலத்தை நெருங்கினார்கள். ஆற்றின் ஏற்ற இறக்கம் தெரிந்தவன் கையில் ஊர் போனது.

குளம் என்ற சொல்லைக் கொடுத்தவர்கள்

திரும்பி வரும்போது கரையைப் பார்த்தேன். அம்மா நடைபாதையில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, எங்கள் வேகத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். நாங்கள் பாலத்தடியில் மறையும்போதெல்லாம் வேகமாக நடந்து அடுத்த பக்கம் வந்து நிற்பார்.

எங்கள் வீட்டில் தண்ணீர் என்றாலே பயம். பள்ளிச் சுற்றுலா போர்ட் டிக்சன் என்றால் எனக்கு அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து கிடைக்காது. அம்மாவின் தோட்டத்தில் அவரோடு படித்த ஒரு பையன், எட்டு வயதில், தோட்டத்து ஓரக் குட்டையில் போய்விட்டான். அதற்குப் பிறகு குட்டைப் பக்கம் போன பிள்ளைகளுக்கு வீட்டில் பூசைதான்.

மலாய் மொழிக்குக் கப்பல் என்ற சொல்லைக் கொடுத்தது தமிழ். 'கோலாம்' என்பது நம் குளம்தான். நீச்சல் குளத்துக்கு இன்று நாடே அந்தச் சொல்லைத்தான் சொல்கிறது. கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தண்ணீரைக் கண்டு ஒதுங்கியது எப்படி?

அம்மாவோடு பேசினால் விடை கிடைக்கிறது. விடியுமுன் பிரட்டுக்குப் போய், பால் எடுத்து, நிறுத்து முடித்து வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். கைக்குழந்தைக்கு ஆயாக்கொட்டகை உண்டு. பள்ளி விட்டு வந்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் இருந்தார்கள்? நீச்சல் சொல்லிக் கொடுக்க யாருக்கு நேரம் இருந்தது? 'தண்ணிப் பக்கம் போகாதே' என்ற மிரட்டல்தான் அந்தத் தாய்மார்கள் வைத்துவிட்டுப் போக முடிந்த ஒரே காவல். அது வேலை செய்தது; நம்மில் பலர் உயிரோடு வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் நிலைமை மாறிவிட்டது. நமக்குச் சனி, ஞாயிறு இருக்கிறது. பட்டணத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. பிள்ளைகள் நண்பர்களோடு நீர்வீழ்ச்சிக்கும் கடற்கரைக்கும் நம்மைக் கேட்காமலே போகும் வயது சீக்கிரம் வந்துவிடுகிறது. பயத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால், ஆபத்து நேரத்தில் அது உதவாது.

கரை ஏறியதும் பக்கத்துக் கடையில் பசியாறினோம். ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே, "கவிழ்ந்தா படகைப் பிடிச்சுக்கணும், எழுந்து நிக்கக் கூடாது" என்று மகள் பாட்டிக்குப் பாடம் எடுத்தாள். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு என்னிடம், "அந்த நீச்சல் வகுப்பை ஏன் பத்தோட நிறுத்தின? மறுபடியும் சேர்த்து விடு. காசு நான் தர்றேன்" என்றார்.

போக விரும்புவோர் கவனத்துக்கு

வழிகாட்டி இல்லாமல் தனியாக இறங்க வேண்டாம். முன்பதிவு செய்யும்போதே, எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, பிள்ளைகள் அளவில் லைஃப் ஜாக்கெட் உண்டா, காப்புறுதி உண்டா என்று கேளுங்கள். ஆற்றில் முதலை நடமாட்டம் குறித்து அண்மையில் எச்சரிக்கை ஏதும் வந்ததா என்றும் தயங்காமல் கேளுங்கள். கேள்விக்கு எரிச்சல்படும் குழுவை விட்டுவிடுங்கள்.

காலைதான் நல்லது, வெயிலும் படகு நெரிசலும் குறைவு. மலாக்காவில் மாலை இடிமழை சொல்லாமல் வரும். வானம் கறுத்தால், இடி கேட்டால், பணம் போனாலும் பரவாயில்லை என்று பயணத்தைத் தள்ளி வையுங்கள்.

சீக்கிரம் காயும் முழுக்கைச் சட்டை, தொப்பி, பின்பட்டை உள்ள செருப்பு போதும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும். கைப்பேசியை நீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். கார் சாவியைக் கரையில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

2000-ஆம் ஆண்டுகளில் நடந்த துப்புரவுப் பணிகளுக்குப் பிறகு ஆறு பழைய நாற்றத்தை இழந்திருக்கிறது. ஆனாலும் இது நகரத்து ஆறு. கை காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். புண் ஆறிய பிறகு போங்கள். தண்ணீர் வாயில் படாமல் பார்த்துக்கொண்டு, கரை ஏறியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

துடுப்பு பிடிக்க விருப்பமில்லாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். கரையோர நடைபாதை நிழலும் இருக்கைகளும் உள்ள நல்ல பாதை. படகு போகும் வேகத்துக்கு நிதானமாக நடந்தே வரலாம்.