சீட்டின் அடிவரிசை

அமெரிக்கக் கவுண்டித் தேர்தல்களைப் பற்றி அந்நாட்டுக் குடிமக்கள் பேசுவது பெரும்பாலும் வேலியோரப் பேச்சுதான். எவர் வீட்டுப் புல்வெளியில் எவருடைய பெயர்ப்பலகை நிற்கிறது, ஷெரீஃப் பதவிக்கு நிற்பவர் எந்தத் தெருக்காரர் என்பதோடு அது முடிந்துவிடும். வாக்குச்சீட்டின் அடியில் வரும் தேர்தல் மேற்பார்வையாளர் பதவிக்கு அவ்வளவு பேச்சும் இராது. இந்தியாவில் மாவட்ட ஆட்சியரே மாவட்டத் தேர்தல் அலுவலர்; அவர் வாக்குக் கேட்டு வருவதில்லை. ஃபுளோரிடாவின் கவுண்டிகளிலோ தேர்தலை நடத்துபவரையும் மக்களே தேர்ந்தெடுக்கின்றனர்.

2000ஆம் ஆண்டில் பாம் பீச் கவுண்டியில் அப்பதவியை வகித்தவர் தெரசா லெபோர். முதியோர் மிகுந்த கவுண்டி அது. எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்றெண்ணி, அதிபர் வேட்பாளர்களின் பெயர்களை எதிரெதிர்ப் பக்கங்களில் பரப்பி, துளைகளை நடுவே அமைத்தார். கெடுமதியன்று, கரிசனமே கெடுத்தது. மாதிரிச் சீட்டு முன்னதாகவே வீடுகளுக்குச் சென்றிருந்தது. அதைக் கூர்ந்து பார்த்தவர் சிலரே. இடப்பக்கத்தில் இரண்டாவது பெயர் அல் கோருடையது. இரண்டாம் துளையோ வலப்பக்கத்துப் பேட் புக்கானனுக்குரியது. புக்கானனுக்கு 3,400க்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. அவற்றுள் பெரும்பாலானவை தமக்குரியவையல்ல என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒன்றுக்கு மேற்பட்ட துளைகளிட்டதால் 19,000க்கும் மேற்பட்ட சீட்டுகள் செல்லாமற்போயின. மாநிலம் முழுவதிலும் புஷ் பெற்ற இறுதி முன்னிலை 537.

2004இல் லெபோர் மீண்டும் வாக்குக் கேட்டு நின்றபோது அந்த அடிவரிசைப் பதவியைக் கவுண்டி மறந்திருக்கவில்லை. அவர் தோற்றார்.