குட்டைக் குழலும் காட்டுப்பன்றியும்

மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் பொதுவாக ஒரே துப்பாக்கி போதுமென்றால் எது ஏற்றது? காலனியக்கால வேட்டைக் கருவிகளையும் ஆயுதச் சட்டங்களையும் பற்றிப் பெங்களூரில் அமர்ந்து ஆய்வு செய்யும் என்னிடம் இக்கேள்வி ஆண்டுக்கு மூன்று நான்கு முறையாவது வந்துவிடுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் கென்னத் ஆண்டர்சனையோ ஜிம் கார்பெட்டையோ அண்மையில் படித்து முடித்த மாணவர்கள். இயற்பியல் இதற்கு ஒரு விடை தருகிறது. நம் சட்டம் வேறொரு விடை தருகிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. அந்த முரணில்தான் என் ஆய்வேட்டின் ஓர் இயல் நிற்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கருவி. போல்ட் ஆக்‌ஷன் என்பது கதவுத் தாழ்ப்பாளைப் போன்றதொரு பொறி. கைப்பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே விழும்; முன்னுக்குத் தள்ளி அழுத்தினால் புதிய தோட்டா அறைக்குள் சென்று பூட்டிக்கொள்ளும். 1898ஆம் ஆண்டின் மவுசர் துப்பாக்கியில் பூட்டும் பற்கள் முன்பக்கம் இருந்தன. ஆங்கிலேயரின் லீ–என்ஃபீல்டில் பின்பக்கம் இருந்தன. மவுசர் வலிமைக்கும் லீ விரைவுக்கும் பெயர்பெற்றவை. எப்படியாயினும் உறுப்புகள் குறைவு, மண்ணும் மழையும் எளிதில் கெடுக்க முடியாத அமைப்பு. நூறாண்டுக்கு மேலாகியும் வேட்டைக்காரர்கள் இதை விடாததற்கு அதுவே காரணம்.

குட்டையாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் புதரிலிருந்து வந்தது. நீண்ட குழல் உண்ணிச்செடியிலும் மூங்கிலிலும் சிக்கும். திரும்புவதற்குள் விலங்கு போய்விடும், அல்லது வந்துவிடும். 1903இல் வெளிவந்த ஆஸ்திரிய மான்லிஷர்–ஷோனாவர் இதற்கு இலக்கணம் போன்றது: ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் குழல், அதன் நுனிவரை நீளும் மரக்கட்டை, மெல்லிய 6.5 மி.மீ. தோட்டா. குழலைக் குறைத்தால் வேகம் குறையாதா என்று கேட்பார்கள். குறையும். ஓர் அங்குலத்துக்கு நொடிக்கு ஏழெட்டு மீட்டர் என்பது பொதுக்கணக்கு. நூறு மீட்டருக்குள் சுடும் காட்டில் அந்த இழப்பை விலங்கு அறியாது. சுடுபவர்தான் அறிவார், வேறு வகையில். குழல் குறையக் குறைய ஓசையும் தீப்பிழம்பும் முகத்துக்கு நெருங்கிவரும். எடை குறையக் குறையத் தோளில் விழும் உதை கூடும். 1944இல் படைத்துறை லீ–என்ஃபீல்டைக் குறுக்கி உருவாக்கிய ‘ஜங்கிள் கார்பைன்’ எடையில் ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்தது. ஆனால் அதன் உதையையும் தவறும் குறியையும் பற்றிப் படைவீரர்கள் சொன்ன குறைகள் துப்பாக்கி வரலாற்றில் ஒரு தனி இலக்கியமாகவே வளர்ந்துவிட்டன.

மானும் பன்றியும் ஒரே பட்டியலில் நிற்பதைப் பலர் இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள். உடற்கூறு அதை ஏற்பதில்லை. மானுக்கு முன்னங்காலின் தோளுக்குச் சற்றுப் பின்னே குறிவைத்தால் குண்டு நுரையீரலுக்குச் செல்லும். பன்றிக்கு அதே இடத்தில் குறிவைத்தால் பெரும்பாலும் ஈரலோ குடலோ கிழியும். இதயமும் நுரையீரலும் அதற்கு இன்னும் முன்னால், தாழ்வாக, முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கின்றன. முதிர்ந்த ஆண்பன்றிக்குத் தோளின்மேல் குருத்தெலும்பு போன்றதொரு தடித்த கேடயம் வேறு உண்டு. மானுக்கென்று செய்த மென்முனைக் குண்டு அந்தக் கேடயத்திலேயே விரிந்து சிதறிவிடக்கூடும். ஆகவே அறிந்தவர்கள் துப்பாக்கியைவிடக் குண்டைப் பற்றியே அதிகம் பேசுவார்கள்: விரிய வேண்டும், ஆனால் உடைந்துவிடக் கூடாது.

காயம்பட்ட பன்றி ஓடாது, புதருக்குள் போய் நிற்கும். அதைத் தேடிச் செல்பவருக்கும் அதற்கும் இடையிலுள்ள தொலைவு சிலபோது ஐந்தடிதான். சேக்கிழார் இதை அறிந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. திண்ணனார் கையில் வில் இருக்கிறது. தப்பியோடிய பன்றியைத் துரத்திச் சென்று இறுதியில் வீழ்த்துவது மட்டும் உடைவாளால். நெருக்கத்தில் நீண்ட கருவிக்கு வேலையில்லை. இதை நான் வகுப்பில் சொன்னபோது சைவ சித்தாந்தம் பயிலும் மாணவர் ஒருவர் என்னைச் சற்றுக் கடுமையாகப் பார்த்தார். பக்தியிலும் உடற்கூறு உண்டு என்று சமாதானம் சொன்னேன்.

நம் நாட்டில் புகழ்பெற்ற துப்பாக்கிகள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சம்பாவத் பெண்புலியை வீழ்த்தியதற்காக 1907இல் கார்பெட்டுக்குப் பரிசளிக்கப்பட்ட ரிக்பி .275, மவுசர் பொறியில் அமைந்த போல்ட் ஆக்‌ஷன். அதன் தோட்டா 7 மி.மீ. மவுசர்; போயர் போரில் ஆங்கிலப் படைகளைத் திணறடித்த அதே தோட்டாவுக்கு இலண்டன் கடை சூட்டிய ஆங்கிலப் பெயர்தான் .275. எடை குறைவு, உதை குறைவு. ஆண்டர்சன் 1974இல் மறையும்வரை வாழ்ந்தது இதே பெங்களூரில். அவர் கையிலிருந்த வின்செஸ்டர் .405 போல்ட் ஆக்‌ஷன் அன்று. விசைக்குக் கீழுள்ள நெம்புகோலால் இயங்குவது. பத்தொன்பது கிராம் குண்டு, தோளை இடிக்கும் உதை. மானுக்கும் பன்றிக்குமான கேள்விக்கு விடை ஆண்டர்சனிடம் இல்லை, கார்பெட்டிடம் இருக்கிறது. இயற்பியல் தரும் விடை அது: 7 மி.மீ. அளவு, ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டிய குழல், மூன்று கிலோவுக்குச் சற்று மேல் எடை.

இனிச் சட்டம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே படைத்துறையின் .303 தோட்டாவை இந்தியாவில் பொதுமக்கள் கையில் விடுவதற்கு ஆங்கில அரசு அஞ்சியது. திருடிய தோட்டா வேட்டைத் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்பதே கவலை. அதனால் பழைய ஆஸ்திரியப் படைத் தோட்டாவான 8 மி.மீ. மான்லிஷரை எடுத்து .315 என்று பெயரிட்டு, லீ பொறியில் பொருத்தி, இந்தியச் சந்தைக்கென்றே துப்பாக்கி செய்தார்கள். விடுதலைக்குப் பின் இச்சாப்பூர் தொழிற்சாலை அதையே தொடர்ந்தது. இந்தியாவில் உரிமம் பெற்ற ரைஃபிள் என்றால் இன்றும் பலர் நினைவுக்கு வருவது அந்த .315தான். மானையோ பன்றியோ எண்ணி யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1857இன் நினைவு தேர்ந்தெடுத்தது.

உழவருக்கு அதுவும் எளிதில் கிட்டாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13ஆம் பிரிவில், பயிர்ப் பாதுகாப்புக்கென்று பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஆயுதம் ஒன்றே ஒன்று: குழலின் வாய்வழியே கரிமருந்தும் குண்டும் கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால் உட்குழல் வழுவழுப்பான வேறொரு துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ அத்தகைய துப்பாக்கி வைத்திருக்க விரும்புவோருக்கும், குழல் இருபது அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. குழலை அறுத்துக் குறுக்க வேண்டுமானால் அதற்குத் தனி உரிமம் வேண்டும் என்பது 6ஆம் பிரிவு. வேட்டைக்காரர் எதைப் பயன் என்கிறாரோ, அந்தக் குட்டைத்தன்மையைச் சட்டம் மறைத்து எடுத்துச் செல்லும் வசதியாகப் பார்க்கிறது.

விளைவைக் கூறவேண்டும். கெட்டிக்கும் துப்பாக்கியில் ஒரு சுடல்தான். அடுத்ததற்கு அரை நிமிடமேனும் ஆகும். புரியில்லாத குழலில் உருண்டைக் குண்டு ஐம்பது மீட்டருக்கு மேல் எங்கே போகும் என்று சுடுபவருக்கே தெரியாது. காட்டுப்பன்றியைக் கொல்லாமல் காயப்படுத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான கருவியைத் திட்டமிட்டுக்கூட உருவாக்க முடியாது. சட்டம் பயிருக்காகப் பெயர் சொல்லி அனுமதிக்கும் ஒரே கருவி, காட்டில் மிகவும் அபாயமான விலங்கை, அதாவது காயம்பட்ட பன்றியை, உண்டாக்குகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு உழவர் கையில் ரைஃபிளைக் கொடுத்துவிடலாம் என்று நான் வாதாடுவேன் என எதிர்பார்ப்பீர்கள். இல்லை. புறநானூற்றில் வல்வில் ஓரியைப் பாடும் வன்பரணர், அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாகச் சொல்கிறார். உயர்வுநவிற்சி என்று நாம் கடந்துவிடுகிறோம். துப்பாக்கி பற்றிப் படித்தவனுக்கு அது வேறொன்றாகவும் தெரிகிறது: இலக்கைத் துளைத்த பின்னும் நிற்காத எறிபொருள். ரைஃபிள் குண்டு தவறினால் மூன்று கிலோமீட்டர்கூடச் செல்லும். இரவில், சமநிலத்தில், கேழ்வரகு வயலில், அடுத்த வயலின் பரணில் யாரோ காவலிருக்கிறார்கள் என்று தெரிந்தும் தெரியாமலும் சுடும் நிலையில், பின்னால் மண்மேடு இல்லாத ஒவ்வொரு குண்டும் ஓரியின் அம்புதான். கெட்டிக்கும் துப்பாக்கியின் குண்டு சில நூறு மீட்டரில் ஓய்ந்துவிடும். சட்டம் மனிதரைக் கண்டு அஞ்சி எழுதிய விதிக்கு, எழுதியவர்கள் எண்ணாத ஓர் இயற்பியல் நியாயம் இப்படி வாய்த்திருக்கிறது.

என் பெரியப்பாவுக்கு இந்த வாதம் எதுவும் பிடிக்கவில்லை. தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், காப்புக்காட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் தொலைவில் அவருக்கு மூன்று ஏக்கர் நிலம். ஒரு போகம் கேழ்வரகு, ஒரு போகம் நிலக்கடலை. ஆண்டர்சன் புலி தேடி அலைந்த ஜவளகிரியும் அஞ்செட்டியும் அவருக்குச் சந்தைக்குப் போகும் ஊர்கள். “துப்பாக்கியைப் பத்தியே அஞ்சு வருசமா படிக்கிற. எந்தத் துப்பாக்கிக்கு மனு போடலாம்னு சொல்ல மாட்டேங்குற” என்றார் சென்ற மாதம். துப்பாக்கி உரிமம் வேறு, சுடும் அனுமதி வேறு என்று விளக்கினேன். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ச் சட்டம் முதலில் புள்ளிமான், கடமான், காட்டுப்பன்றி மூன்றையும் பெருவேட்டைப் பட்டியலில் ஒன்றாக வைத்து உரிமத்தோடு சுட இடமளித்திருந்தது. 1991இன் திருத்தம் அந்த வாயிலை மூடியது. இனி மானைப் பற்றிய பேச்சே இல்லை. பன்றிக்கு மட்டும் 2025 சனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காட்டெல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதியில்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடுவார்கள். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள்.

“அப்ப எனக்கு?” என்றார்.

அரைக் கிலோமீட்டர். சேதம் அதிகமுள்ள இடமும் அதுதான்.

கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே சுட அனுமதிக்கும் அதிகாரத்தை அளித்து, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பயன்படுத்திக்கொண்டது. குடகில் நிலை இன்னும் வேறு. கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்போருக்கும் ஆயுத உரிமத்திலிருந்தே ஆங்கிலேயர் காலம் தொட்டு விலக்கு உண்டு. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. கைல்போது அன்று துப்பாக்கிக்கு மலர் சூட்டி வழிபடுகிறார்கள். பெங்களூரிலிருந்து ஐந்தாறு மணி நேரப் பயணத்தில் ஒருவருக்குப் பிறப்புரிமையாகும் பொருள், பெங்களூரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் என் பெரியப்பாவுக்கு மனுவாகக்கூட ஆவதில்லை. வேட்டைத் தடை மட்டும் இருவருக்கும் பொது.

சட்டத் துப்பாக்கி கிட்டாத இடத்தில் வெற்றிடம் நிலைப்பதில்லை. நாட்டுத் துப்பாக்கி வருகிறது, அவுட்டுக்காய் வருகிறது, திருட்டு மின்வேலி வருகிறது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பயிர்க்காவலுக்குப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. இரு குட்டிகள் தப்பின. குழலின் நீளத்தை அங்குலக் கணக்கில் வரையறுத்த சட்டத்துக்கு அந்தக் கம்பியின் நீளம் தெரியாது. பெரியப்பாவின் ஊரிலும் அத்தகைய கம்பி இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவர் நிலத்தில் இல்லை. பழைய சேலைகளைக் கட்டி, இரவில் தகரம் தட்டி, அண்ணன் மகன் முறை வைத்துக் காவலிருக்கிறான். சூரிய மின்வேலிக்கு மானியம் கேட்டு இப்போது மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் ஆய்வுக்கல்வி அவருக்குப் பயன்பட்டது அந்த இரண்டு பக்கங்களில்தான்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஆனேக்கல், கனகபுரா பக்கங்களில் தாத்தா காலத்துப் பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி உரிமம் யார் வீட்டிலாவது இருந்தால், அதன் படியைப் பார்க்க உதவுங்கள். எந்த ஆண்டு, என்ன வகைத் துப்பாக்கி, எத்தனை தோட்டா அல்லது எவ்வளவு கரிமருந்து என்ற விவரங்கள் போதும், பெயரை மறைத்துவிடலாம். பெரும்பாலும் பழைய பட்டா, கந்தாயச் சீட்டுகளோடு ஒரே தகரப் பெட்டியில் இருக்கும்.