கீர்க் காட்டுச் சிங்கங்கள்

குஜராத் மாநிலத்துக் கீர்க் காட்டில் ஆண் சிங்கங்களும் பெண் சிங்கங்களும் பெரும்பாலும் தனித்தனியே வாழ்கின்றன. பெண் சிங்கங்கள் தம் குட்டிகளுடன் சிறு கூட்டமாகத் திரியும். உதிர்ந்த தேக்கிலைகள் சலசலக்காமல் பதுங்கிச் சென்று, புள்ளிமானை மிக அருகில் நெருங்கிய பின்னரே அவை பாயும். நெடுந்தொலைவு துரத்தும் ஆற்றல் சிங்கத்திற்கு இல்லை. பல வேட்டைகள் தோல்வியிலேயே முடியும்.

ஆண் சிங்கத்தைச் சோம்பேறி என்பது முறையன்று. கீர்க் காட்டில் அது தன் இரையைப் பெரும்பாலும் தானே தேடிக்கொள்கிறது. இரண்டு மூன்று ஆண் சிங்கங்கள் துணைசேர்ந்து தம் எல்லையைக் காக்கின்றன. அவை தோற்றுவிட்டால், புதிதாக வரும் ஆண் சிங்கங்கள் அங்குள்ள குட்டிகளைக் கொன்றுவிடக்கூடும். சிறுத்தையாலும் குட்டிகளுக்கு ஆபத்து உண்டு. ஆதலால் தாய்ச் சிங்கம் பிறந்த குட்டிகளைப் புதருக்குள் ஒளித்துவைக்கும். அடிக்கடி வாயில் கவ்விக்கொண்டு வேறு புதருக்கு மாற்றும்.