வீரசோழனில் ஒரு வெள்ளிக்கிழமை

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் பேருந்தில் அமர்ந்தால், நெசவாளர் தெருக்களின் தறியோசை அடங்கிய சிறிது நேரத்திலேயே வானம் பார்த்த பூமி தொடங்கிவிடுகிறது. சாலையின் இருபுறமும் சீமைக் கருவேலங்காடு. ஆங்காங்கே கரிமூட்டத்தின் புகை. காடு சற்றே விலகும் இடங்களில் பனைகள். அவற்றுக்கப்பால் வெடித்துக் கிடக்கும் கண்மாய்கள். மழை பெய்தால் இந்நிலம் நெல்லும் மிளகாயும் பருத்தியும் தரும். பொய்த்தாலோ, விறகு வெட்டிக் கரி சுட்டுப் பிழைப்பதே பலருக்கும் வழி.

திருச்சுழி, குண்டாற்றங்கரையில் அமைந்த பழம்பதி. திருமேனிநாதர் கோயிலால் புகழ்பெற்ற இவ்வூரில்தான் 1879ஆம் ஆண்டு ரமண மகரிஷி பிறந்தார். அதனைக் கடந்தால் நரிக்குடி. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்கள் பசியாறவும் இளைப்பாறவும் மருது சகோதரர்கள் இங்கே ஒரு சத்திரம் கட்டி வைத்தார்கள். 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் ஆங்கிலேயர் அவர்களைத் தூக்கிலிட்டனர். அவர்களை வீரத்தின் பொருட்டே நாம் நினைக்கிறோம். வழிப்போக்கனுக்குச் சோறிட்டவர்கள் என்பதை நினைப்பவர் சிலரே. தண்ணீருக்குத் தவிக்கும் இச்சீமையில் விருந்தோம்பல் நேற்று வந்த பழக்கமன்று.

நரிக்குடிக்கு அப்பால், அபிராமம் செல்லும் பக்கத்தில் இருப்பது வீரசோழன். பாண்டிய நாட்டின் நடுவே சோழன் பெயர் தாங்கி நிற்கும் ஊர். முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாக வாழ்கின்ற ஊர். இங்குக் கூடும் வாரச்சந்தை சுற்று வட்டாரமெங்கும் பெயர் பெற்றது. பக்ரீத் பெருநாள் நெருங்கினால் ஆட்டு வியாபாரம் களைகட்டும். நம் விவிலியத்தின் ஆபிரகாமும் அவர்களுடைய இபுறாஹீம் நபியும் ஒருவரே என்பதையும், அச்சந்தைக்கு ஓட்டி வரப்படும் ஆடுகள் அம்முதுபெருந்தந்தையின் பலியை நினைவுகூர்வதற்கே என்பதையும் நம் மக்களில் எத்தனை பேர் அறிவர்?

சென்ற 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரு வெள்ளிக்கிழமையன்று, நாம் உபதேசியாரோடு அப்பக்கம் செல்ல நேர்ந்தது. சிற்றூர் ஒன்றில் நோயுற்றிருந்த மூதாட்டிக்கு நற்கருணை வழங்க வேண்டியிருந்தது. பேருந்தில் நம்மருகே அமர்ந்திருந்த பயணி, போகும் ஊரை விசாரித்தார். சொன்னோம். “ஓ! குட்டிப் பாகிஸ்தான் வழியாப் போறீங்களா?” என்று கூறிச் சிரித்தார். அதில் பகைமை எதுவும் தெரியவில்லை. பல வாய்களில் புழங்கிப் பழகிப்போன சொல்லாகவே தோன்றியது. அதுவே நமக்கு அதிக வேதனையாக இருந்தது.

நோன்பாளி தந்த நீர்

மூதாட்டிக்கு நற்கருணை வழங்கிவிட்டு வீரசோழனுக்குத் திரும்பியபோது பிற்பகல் மூன்று மணி. அடுத்த பேருந்துக்கு நெடுநேரம் இருந்தது. கடைத்தெருவில் நிழல் தேடி நின்ற நம்மை ஒரு மளிகைக் கடையின் பெரியவர் கண்டார். வெண்தாடி, தலையில் தொப்பி, எழுபது வயது மதிக்கத்தக்கவர். நம் அங்கியைக் கண்டதும் எழுந்து, தாம் அமர்ந்திருந்த நாற்காலியையே முன்னே நகர்த்தி, “வாங்க சாமி, உள்ள வந்து உக்காருங்க. வெயில்ல நிக்கலாமா?” என்றார். மண்பானையிலிருந்து இரண்டு செம்பு தண்ணீர் கொணர்ந்து வைத்தார்.

அது ரமலான் மாதம். விடியலுக்கு முன் உண்டது தவிர, அப்பெரியவர் வாயில் ஒரு சொட்டு நீர்கூடப் பட்டிருக்கவில்லை. உதடுகள் வறண்டிருந்தன. உபதேசியார் செம்பைக் கையில் எடுத்தவர், அருந்தத் தயங்கி நின்றார். பெரியவர் புரிந்துகொண்டார்.

“குடிங்க தம்பி. பயணம் போறவங்களுக்கு எங்க மார்க்கத்துலேயே நோன்புக்குச் சலுகை இருக்கு. நீங்க வழிப்போக்கர். நான் வீட்டுல இருக்கறவன்.”

தாகத்தோடிருக்கும் ஒருவர், பிறர் தாகம் தணிவதைப் பார்த்து மகிழ்ந்திருப்பதை அன்று நேரில் கண்டோம். நோன்பின் பொருள் பற்றித் தவக்காலத்தில் எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம், செய்தும் இருக்கிறோம். அந்தச் செம்பு நீரைப் போல் தெளிவான பிரசங்கம் பிறிதொன்றில்லை.

கறி சேராத கஞ்சி

பேச்சு வளர்ந்தது. கண்மாயில் நீர் நின்ற ஆண்டுகள், கிருதுமால் நதியில் வைகைத் தண்ணீர் வருமா வராதா என்ற ஏக்கம், பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்ற பிள்ளைகள் எனப் பலவும் பேசினோம். மாலையில், “நோன்பு திறக்கிற நேரத்துல வந்தவங்களைச் சும்மா அனுப்பினா வீட்டுல என்னைத்தான் ஏசுவாங்க” என்று கூறி வீட்டுக்கு அழைத்துச் சென்றார்.

நோன்புக் கஞ்சியை அறியாதார் நம்மில் இலர். பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்த்துக் குழைய வேகவைத்து, இஞ்சி, பூண்டு, புதினா, மல்லி இட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குவது. பலவிடங்களில் கொத்துக்கறியும் சேர்ப்பதுண்டு. பள்ளிவாசலில் பெரிய அண்டாக்களில் காய்ச்சி, கேட்டு வருவோர்க்கெல்லாம் மதம் பாராது வழங்குவர். வீட்டு முன்னறையில் பாய் விரித்து, அதன்மேல் துணி விரித்து, பேரீச்சம்பழம், வடை, கஞ்சி யாவும் வைத்திருந்தனர். நமக்கும் உபதேசியாருக்கும் முன்னால் மட்டும் தனிப் பாத்திரம் ஒன்று இருந்தது.

“பள்ளிவாசல் கஞ்சியில கறி கிடக்கும் சாமி. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, அதுவும் உங்க நோன்புக் காலம். உங்களுக்குச் சேராதே. அதனால மருமக வீட்டுலேயே கறி இல்லாமக் காய்ச்சிச்சு” என்றார் பெரியவர்.

நாம் வியப்புற்றோம். அன்று சுத்தபோசன நாள் என்பது அவருக்கு எவ்வாறு தெரிந்தது? சிறு வயதில் சில ஆண்டுகள் சாமியார்கள் நடத்திய பள்ளியில் படித்தாராம். விடுதியில் வெள்ளிக்கிழமைதோறும் கறி இராது என்பதை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நினைவில் வைத்திருந்தார். அவ்வாண்டு ரமலான் மாதமும் நம் தவக்காலமும் சேர்ந்தே வந்ததையும் அறிந்திருந்தார்.

பாங்கொலி எழுந்தது. பெரியவர் பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து நோன்பு திறந்தார். நாமும் சிலுவையடையாளம் வரைந்து உண்டோம். இருவகை நோன்பாளர் ஒரே விரிப்பில் அமர்ந்து, ஒரே இறைவனுக்கு அவரவர் முறையில் நன்றி கூறிய நேரம் அது. சோறிடுதல் எங்குமுண்டு. வந்தவனுடைய வேதம் அவனுக்கு என்ன விதித்திருக்கிறது என்று எண்ணிப்பார்த்து, அதற்கேற்ப அடுப்பில் இரண்டாவது பானை ஏற்றுவதே விருந்தோம்பலின் உச்சம்.

உண்டபின் கல்லூரியில் பயிலும் பேரனைப் பற்றி விசாரித்தோம். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். நகரத்தில் அறை தேடிப் பையன் பல நாள் அலைந்தானாம். வாடகை பேசி, முன்பணம் பேசி, இறுதியில் பெயரைக் கேட்டதும் “வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டோம்” என்று பல வீடுகளில் கதவைச் சாத்தினார்களாம்.

“அதுல ஒரு வீட்டு வாசல்ல ஏசுநாதர் படம் மாட்டியிருந்திச்சாம் சாமி. ‘அத்தா, நம்ம ஊருக்கு அவங்க வந்தா என்ன செய்வோம்’னு பேரன் கேட்டான். ‘கஞ்சி குடுப்போம்’னு சொன்னேன்.”

குறை கூறும் தொனி அதில் சிறிதும் இல்லை. பேருந்தில் காதில் விழுந்த அப்பெயரைப் பற்றியும் மெல்லக் கேட்டோம். “அது எங்க காதுலயும் விழுறதுதான். வந்து ஒரு வேளை சாப்பிட்டுப் போனவங்க யாரும் அப்படிச் சொல்றதில்ல” என்றார்.

பெயரும் நாடும்

இச்சொல்லைப் பழிச்சொல்லாக வீசுவோர் இருவகையில் தவறுகின்றனர். நாடு 1947இல் பிரிந்தபோது, தமிழ் முஸ்லிம்கள் மிகப் பெரும்பாலும் தம் மண்ணிலேயே இருந்துவிட்டனர். அவர்களை வழிநடத்திய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயீல் சாகிப் நம் நாட்டின் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்து பணியாற்றியவர். 1972இல் மறையும்வரை இம்மண்ணின் மகனாகவே வாழ்ந்தவர். தாமே தேர்ந்துகொண்ட நாட்டில் வாழ்வோரைப் பிறநாட்டின் பெயரால் அழைப்பது எத்துணை அநீதி!

இரண்டாவது தவறு, ஒரு நாட்டின் பெயரையே வசையாக்குவது. அரசுகளுக்கிடையே போர் மூண்டதுண்டு, குருதி சிந்தியதுண்டு. எனினும் அந்நாட்டு மக்களின் வீடுகளுக்குச் சென்று வந்தோர் கூறுவது வேறு. பட்டாணியரிடையே விருந்தோம்பலுக்கு ‘மெல்மஸ்தியா’ என்று பெயர். அது அவர்களுடைய குலநெறியின் தூண்களுள் ஒன்று. ஊர்தோறும் விருந்தினருக்கென ‘ஹுஜ்ரா’ என்னும் தனியிடம் உண்டு. தரையில் ‘தஸ்தர்கான்’ என்னும் துணியை விரித்து, வந்தவருக்கு முதலில் பரிமாறுவர். வீரசோழனில் நம் முன் விரிக்கப்பட்ட துணியின் உறவுதான் அது.

2004ஆம் ஆண்டு இந்தியக் கிரிக்கெட் அணி பாகிஸ்தான் சென்றபோது ஆயிரக்கணக்கான இந்தியர் எல்லை கடந்தனர். லாகூரில் கடைக்காரர்களும் வண்டியோட்டிகளும் இந்தியர் என்றறிந்ததும் காசு வாங்க மறுத்ததை அந்நாளைய பத்திரிகைகள் எழுதின. நம் தமிழ்நாட்டுப் பந்துவீச்சாளர் பாலாஜி அங்குள்ள ரசிகர்களின் செல்லப்பிள்ளையானார்.

நம் திருச்சபையின் மகள் ஒருத்தியின் வரலாறும் இதற்குச் சான்று. ஜெர்மனியில் பிறந்த மருத்துவர், அருட்சகோதரி ரூத் ஃபாவ், இந்தியாவுக்கு வரப் புறப்பட்டவர். நுழைவு அனுமதிச் சிக்கலால் 1960இல் கராச்சியில் தங்க நேர்ந்தது. அங்கே தொழுநோயாளரின் குடிசைகளைக் கண்டவர் பின்னர் அவர்களை விட்டு அகலவேயில்லை. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் அவர் மறைந்தபோது அந்த இஸ்லாமிய நாடு அரசு மரியாதை அளித்தது. கராச்சி புனித பத்திரிசியார் பேராலயத்தில் இறுதித் திருப்பலி நடைபெற்றது. விருந்தாளியாகச் சென்றவள் வீட்டுப் பெண்ணாகவே அடக்கம் பெற்றாள்.

அங்கே நம் சகோதரர் படும் துன்பங்களை நாம் மறக்கவில்லை. 2013ஆம் ஆண்டு செப்டம்பர் 22இல் பெஷாவர் நகரக் கோயிலில் வெடித்த குண்டுகள் வழிபட வந்தோரின் உயிரைக் குடித்தன. ஆனால் அடுத்த மாதமே லாகூரில், ஞாயிறு திருப்பலி நடந்துகொண்டிருக்க, முஸ்லிம்கள் பலர் கைகோத்து ஆலயத்தைச் சுற்றி அரணாக நின்றதையும் மறத்தல் ஆகாது. குண்டு வைத்தவனைக் கொண்டு ஒரு சமயத்தை அளப்போமாயின், கைகோத்து நின்றவரை எக்கணக்கில் சேர்ப்பது?

நம் வாசற்படி

‘விருந்து’ என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் ‘புதுமை’ என்பதே பழம்பொருள். அறிமுகமில்லாப் புதியவரே விருந்தினர். மம்ரே தோப்பில், வெயில் ஏறிய வேளையில், பெயர் தெரியாத மூவரைக் கண்டதும் ஓடிச்சென்று வணங்கி அழைத்தார் ஆபிரகாம். உண்டு முடிக்கும்வரை மரத்தடியில் அவர்களருகே நின்றார். பெயரைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பாராயின் தம் வாக்குறுதியின் மகனைப் பற்றிய செய்தியை அவர் எங்ஙனம் பெற்றிருப்பார்? 1219ஆம் ஆண்டு, சிலுவைப் போரின் நடுவே, ஆயுதமின்றிச் சென்ற புனித பிரான்சிஸ் அசிசியாரை எகிப்தின் சுல்தான் மாலிக் அல்-காமில் மரியாதையோடு ஏற்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28இல் வெளியிட்ட பிற சமயங்கள் பற்றிய அறிக்கையில், முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குவதாகக் கூறி, பழைய பகைகளை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முயலுமாறு அனைவரையும் வேண்டிற்று. ஏட்டில் உள்ள இவ்வேண்டுகோள் நம் வீட்டு வாசற்படி வரை வந்துள்ளதா?

அன்பார்ந்த குடும்பத்தலைவர்களே, தாய்மார்களே! கிறிஸ்துமஸ் நாளில் அண்டை வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்குப் பலகாரம் அனுப்புகிறோம், நல்லதே. அதில் மது சேர்ந்திருக்கிறதா என்று ஒரு கணம் எண்ணினோமா? அவர்களை உணவுக்கு அழைத்தால், அவர்கள் முறைப்படி ‘ஹலால்’ செய்த இறைச்சியைத்தான் உண்பர் என்று அறிந்து அதற்கான கடையில் வாங்கினோமா? வீரசோழனின் அடுப்பில் ஏறிய அந்த இரண்டாவது பானை நம் அடுப்பிலும் ஏறட்டும்.

இன்னொன்று, சற்றே கடினமானது. நம் பங்குகளில் வீடும் அறையும் வாடகைக்கு விடுவோர் பலர் உள்ளனர். படிக்கவும் பிழைக்கவும் நகரம் நோக்கி வரும் இளைஞர் அவர்களுடைய கதவைத் தட்டுகின்றனர். ஒழுக்கத்தை விசாரியுங்கள்; வாடகையைப் பேசுங்கள்; நிபந்தனைகளைச் சொல்லுங்கள். பெயரைக் கேட்டமட்டில் முகம் திருப்பிக்கொள்ளாதீர்கள். அந்நியரை ஏற்றுக்கொண்டாயா என்பது இறுதித் தீர்வையின் கேள்விகளுள் ஒன்று. திரு இருதயப் படத்தை வாசலில் மாட்டுவது அவ்வீட்டின் தலைவர் யார் என்று ஊரறியச் சொல்வதற்காகவே. அத்தலைவர் எவரையும் பெயர் கேட்டுத் திருப்பியனுப்பியதில்லை.