பிள்ளையின் பிழையும் பெற்றோர் பொறுப்பும்

பிள்ளை செய்த பிழைக்குப் பெற்றோர் எம்மட்டும் பொறுப்பாளர் என்னும் கேள்வி மிகப் பழையது. நமக்கோ அது சென்ற மாதந்தான் புதிதாக எழுந்தது.

நாம் ஒரு தோட்டத்துக் கிராணி. ஸ்டோரிலிருந்த டார்ச்சு விளக்கொன்று காணாமற்போக, அதன் விலையாகிய 40 வெள்ளியை இரவுக் காவற்காரரின் சம்பளத்தில் பிடிக்கும்படி உத்தரவாயிற்று. நமது கையாலேயே அந்த வரியை எழுதினோம், சம்பளமும் பட்டுவாடாவாயிற்று. இரு வாரம் சென்றபின் அவ்விளக்கு, கண்ணாடி உடைந்தபடி, நமது மகனின் பாய்க்கடியில் அகப்பட்டது. அவனுக்கு வயது 10.

அன்றிரவு அவனுக்கு நெடுநேரம் புத்தி சொன்னோம். அவனும் தலைகுனிந்து கேட்டான். தந்தையின் கடமை தீர்ந்ததென்று படுக்கப் போன நமக்கு, ஆங்கிலப் பள்ளியில் விவிலிய வகுப்பிற் படித்த ஏலியின் சரித்திரம் நினைவுக்கு வந்து உறக்கத்தைக் கெடுத்தது.

ஏலி சீலோவிலிருந்த ஆசாரியன். இஸ்ரவேலருக்கு 40 ஆண்டு நியாயம் விசாரித்தவன். அவனுடைய மக்கள் ஓப்னியும் பினெகாசும் பலியிட வந்தவர்களின் பானையில் முக்கூர் ஆயுதத்தை விடுவித்து, அகப்பட்ட இறைச்சியையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள்; கொழுப்பைத் தகனிக்குமுன்னரே பச்சை இறைச்சியைக் கேட்டு, கொடாவிடில் பலவந்தம் செய்தார்கள்; கூடார வாசலில் ஊழியஞ்செய்த பெண்களையும் விட்டுவைத்தாரில்லை. ஏலி இவற்றைக் கேட்டும் வாளாவிருந்தான் எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அவன் கண்டித்தான், நல்ல வார்த்தைகளாலேயே கண்டித்தான். ஆயினும் மக்களை ஊழியத்தினின்று விலக்கினானில்லை. தேவமனிதன் ஒருவன் வந்து அவன்மீது சாற்றிய குற்றத்தில் இன்னொன்றுமுண்டு. கடவுளினும் மக்களை மேலாக மதித்ததோடு, காணிக்கையிற் சிறந்த பாகத்தால் அவர்களோடு சேர்ந்து தானும் கொழுத்தான் என்பதே அது. வாயாற் கடிந்தவன் அந்தப் பங்கிலேயே உண்டுகொண்டிருந்தான்!

இவ்விடம் வந்ததும் நாம் எழுந்து உட்கார்ந்தோம். காவற்காரரின் 40 வெள்ளி கணக்கில் அப்படியே இருந்தது. அதை மாற்றினால் கிராணி மகன் திருடினான் என்று தோட்டமெங்கும் பேச்சாகும். நமது பெயரைக் காத்து நின்றது அவருடைய கூலியன்றோ?

நமக்குள்ளே ஒரு வக்கீல் எழுந்து வாதாடாமலில்லை. பிள்ளையின் பாவத்திற்காகத் தந்தையைக் கொல்லலாகாதென உபாகமம் 24ஆம் அதிகாரம் விதிக்கிறது. யூதாவின் அரசன் அமத்சியா, தன் தந்தையைக் கொன்றவர்களைத் தண்டித்தும் அவர்களுடைய பிள்ளைகளைத் தொடாது விட்டது இவ்விதியை முன்னிட்டே. எசேக்கியேலும் புளித்த திராட்சையைப் பற்றிய பழமொழியை மறுத்து, அவரவர் பாவம் அவரவருக்கே என்கிறார். எனவே திருட்டு மகனுடையது என்றார் வக்கீல். உண்மைதான். ஆனால் ஏலி தண்டிக்கப்பட்டது மக்களின் பாவத்திற்காகவன்று. அறிந்தும் தடுக்காத தன் பாவத்திற்காக. பெலிஸ்தரோடு நடந்த போரில் 30,000 காலாட்கள் மடிந்தனர்; மக்களிருவரும் அன்றே மாண்டனர்; உடன்படிக்கைப் பெட்டி பிடிபட்டதென்று கேட்டவுடன், 98 வயதுக் கிழவன் ஆசனத்தினின்று மல்லாந்து விழுந்து கழுத்து முறிந்தான்.

விந்தை யாதெனில், இத்தண்டனையைச் சிறுவனாயிருந்து ஏலிக்கு அறிவித்த சாமுவேலின் மக்களும் பின்னாளில் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாகிக் கைக்கூலி வாங்கினார்கள். அதையும் சாமுவேலின் முதுமையையும் காட்டியே ஜனங்கள் தங்களுக்கு ஓர் அரசன் வேண்டுமென்றனர்.

மறுநாட்காலை மகனையும் விளக்கையும் காவற்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். மகன் தன் வாயாலேயே நடந்ததைச் சொன்னான். "சின்னப் பிள்ளைதானே ஐயா, விட்டுவிடுங்கள்" என்றார் அவர். அவர் முகத்தைப் பார்க்க நமக்குத் துணிவில்லை. பின் ஆபீசுக்குச் சென்று மானேஜரிடம் உள்ளதை உரைத்து, அவருக்கு 40 வெள்ளியைத் திருப்பி எழுதி, அத்தொகையை நமது பெயரில் பற்று வைத்தோம். கங்காணியார் மேசையருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நடுப்பகலுக்குள் லயமெங்கும் செய்தி பரவிவிட்டது.