ஒன்பது கிழவர்களும் ஒரு திண்ணையும்

திருச்சியில் யாருக்கும் மலைக்கோட்டையைக் கைநீட்டிக் காட்ட வேண்டியதில்லை. எந்தச் சந்தில் நின்றாலும் அதுவே எட்டிப் பார்க்கும். உயரம் 273 அடி. 1963-66ல் செயின்ட் ஜோசப்ஸ் கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்த நாங்கள், பரீட்சைக்கு முதல் நாள் உச்சிப்பிள்ளையார் வரை ஒரே மூச்சில் ஏறுவோம். இப்போது எங்கள் பக்தி அடிவாரத்து மாணிக்க விநாயகரோடு நின்றுவிடுகிறது. அவரும் பிள்ளையார்தானே!

வருஷா வருஷம் தை மாதம் கூடுகிறோம். சென்னைக் கோஷ்டி ஆறு பேர், மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் வருவோம். ஆறு பேருக்கும் லோயர் பெர்த் வேண்டுமென்றால் ரயில்வே பாவம், என்னதான் செய்யும்?

கல்லூரி 1844ல் நாகப்பட்டினத்தில் ஆரம்பித்து, 1883ல் திருச்சிக்கு வந்தது. அப்துல் கலாம் 1954ல் இங்கே பிஸிக்ஸ் முடித்தவர். "அவர் உட்கார்ந்த பெஞ்சிலதான்டா நானும் உட்கார்ந்தேன்" என்று லால்குடிக்காரன் தவறாமல் சொல்வான். பெஞ்ச் மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறும்.

1965 பற்றிப் பேசாமல் எங்கள் கூட்டம் முடியாது. இந்தி எதிர்ப்புப் போராட்டம், கல்லூரியை மூடிவிட்டார்கள். ஊருக்குப் போக வழியில்லாத நாலு பேர் ஸ்ரீரங்கத்தான் வீட்டுத் திண்ணையில்தான் படுத்தோம். அவன் அம்மா எங்களை யார், என்ன ஜாதி என்று கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா?" என்றுதான் கேட்டார்.

இந்தத் தடவை ஸ்ரீரங்கத்தான் கையில் ஒரு ஃபைல். மனைவி போய் இரண்டு வருஷம். ஐப்பசியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, விடியும்வரை கிடந்திருக்கிறான். வீட்டை விற்றுவிட்டு, கோயம்புத்தூரில் முதியோர் குடியிருப்புக்குப் போகச் சொல்கிறார்கள் நியூஜெர்ஸிப் பிள்ளைகள்.

"கையெழுத்துப் போடட்டுமாடா?"

"போடாதே! நாங்க இல்லையா?" என்றான் மாயவரத்தான்.

"நீ மாயவரத்துல இருக்கே. ராத்திரி ரெண்டு மணிக்கு நான் விழுந்தா வருவியா?"

யாரும் பேசவில்லை. மகன் வீட்டில் சௌக்கியமாக இருப்பதாக நாங்கள் நினைத்திருந்த லால்குடிக்காரன் மெதுவாகச் சொன்னான்: "அங்க இன்னொரு ரூம் காலியா இருக்கான்னு கேட்டுச் சொல்லு." சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

ஒன்பது சட்டைப் பைகளிலும் மாத்திரை இருந்தது; பேனா இல்லை. பூக்காரம்மாவிடம் கடன் வாங்கினோம். கையெழுத்து கொஞ்சம் நடுங்கினாலும் நேராகவே விழுந்தது.

பிறகு ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனோம். நாலு பேர் படுத்த திண்ணையில் ஒன்பது பேர் தாராளமாக உட்கார முடிந்தது. காபிக்குப் பால் இருக்கிறதா என்று பார்க்க ஸ்ரீரங்கத்தான் உள்ளே போனான்.

வாசல் நிறையக் கிழவர்களைப் பார்த்த எதிர்வீட்டு மாமி, பதறிக்கொண்டு ஓடி வந்தார். "ஐயையோ... எப்போ ஆச்சு?"

உள்ளேயிருந்து குரல் வந்தது: "எனக்கு ஒண்ணும் ஆகல மாமி. அரை லிட்டர் பால் இருந்தா குடுங்கோ!"